நம் பிள்ளைகள் டாக்டராகி வருவார்கள்

எங்கள் ஊர் நோசானில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அது முதலில் என் கடைக்குத்தான் வரும். பேனர் கடை. யார் மகன் அரசுத் தேர்வில் பாஸானான், யார் வீட்டு மாடு கண்காட்சியில் பரிசு வாங்கியது, எந்தத் திட்டத்தை ஊரே எதிர்க்கிறது, எல்லாவற்றையும் துணியில் அச்சடித்து, இரண்டு ஓரத்திலும் கட்டை கோத்து, கயிறு போட்டு, ஆற்றுப் பாலத்தின் முகப்பில் கட்டிவிடுவோம். அங்கே கட்டாத விஷயம் எங்கள் ஊரில் நடக்காத விஷயம். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள்கூடப் பாலத்தை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் ஊருக்குள் வருவார்கள்.

வாசகம் எழுதுவதும் அச்சடிப்பதும் என் வீட்டுக்காரர் தொக்பே. ஏணியில் ஏறிக் கட்டுவது நான். ஊரில் இதை வைத்துக் கேலி பேசுவார்கள், பேசட்டும். அவருடைய இடது கை டயாலிசிஸ் கை. இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த கை அது, அதில் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. தொட்டால் தோலுக்கடியில் விர்ரென்று துடிக்கும். காதை வைத்தால் மழைக்காலத்து வாய்க்கால் ஓடுவதுபோல் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நின்றுவிட்டால் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் போட முடியாது, மிஷினில் போடாவிட்டால் ஆள் ஒரு வாரம் தாங்க மாட்டார். எனக்கு இது ராத்திரி பகல் எல்லாம் தெரிந்த விஷயம். அவருக்குத்தான் அவ்வப்போது மறந்துபோகும்.

திங்கள், புதன், வெள்ளி அவர் எங்கள் வட்ட மருத்துவமனையில் படுத்துக்கொள்வார். கடையிலிருந்து நடந்தே போகலாம். அந்தப் பிரிவை நடத்தியவர் பெக் டாக்டர். எழுபதைத் தாண்டிய மனிதர். எப்போதோ ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர், சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருந்துகொண்டிருந்தார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

"பாத்தியாம்மா? இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கையால ஊசி போடுவேன்? வர்றேன்னு சொல்ல ஒருத்தன் இல்லையே."

மருத்துவமனைக்கு 'டாக்டர் தேவை' என்று பேனர் அடித்துக் கொடுத்தது நாங்கள்தான். முதலில் கேட்டபோது சம்பளத்தைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னார்கள். அடுத்த முறை பெரிய எழுத்தில். அதற்கடுத்த முறை சம்பளமே முக்கால் பேனர், வீடு இலவசம் என்று கீழே ஒரு வரி. சியோலிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அங்கே தெருவுக்கு நாலு டாக்டர் முகத்துக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். மலைக் கணவாய் தாண்டி வந்து எங்கள் சிறுநீரகங்களைப் பார்க்க யாருக்கு என்ன தலையெழுத்து?

டாக்டர் வரவில்லை, ஆனால் டாக்டராகப் போகிற பிள்ளைகள் வந்தார்கள். அது ஒரு கூத்து. எங்கள் மாகாணத்திலேயே நடுநிலைப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் படித்தவர்களுக்கு மெடிக்கல் சீட் தனியாக ஒதுக்கினார்கள். உள்ளூர்ப் பிள்ளை டாக்டரானால் உள்ளூரிலேயே இருப்பான் என்பது அரசாங்கத்தின் கணக்கு. சியோல் அம்மாக்களின் கணக்கு வேறு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கே குடிவந்துவிட்டார்கள். எங்களுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்? மூடுகிற நிலையில் இருந்த பள்ளிக்கூடம் பிழைத்தது. பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கு எரிந்தது. 'சியோல் குடும்பங்களே வருக' என்று பேனர் அடித்தோம். நானே கட்டினேன்.

எங்கள் மாடிக்கு வந்தது தான்பியும் அவள் அம்மாவும். அப்பா சியோலில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். குடிவந்த அன்றே தான்பி அம்மா வழக்கப்படி சிவப்புப் பயறு தூவிய அரிசி கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு கீழே வந்தாள். குனிந்து வணங்கினாள். தான்பி அப்போது வாய் நிறையப் பல் கம்பி போட்ட சின்னப் பெண். என் வீட்டுக்காரர் கையில் பிளாஸ்திரியைப் பார்த்து அது என்ன என்று கேட்டாள். இவர் சட்டைக் கையைச் சுருட்டி, காதை வைத்துக் கேள் என்றார்.

"ஐயோ பெரியப்பா, உங்க கைக்குள்ள ரயில் ஓடுது!"

"ரயில் நின்னா பெரியப்பா ஸ்டேஷனை விட்டுப் போயிடுவேன்."

"போக வேண்டாம். நான் கிட்னி டாக்டராகி உங்களைப் பாத்துக்கறேன்."

குழந்தை ஏதோ சொல்லிற்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இவர் அந்தச் சொல்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவள் படிக்கும்போது கீழே அச்சு மிஷின் ஓடாது, டிவி சத்தம் கேட்காது, நான் தும்மினால்கூட முறைப்பார். அவளுக்குப் பள்ளிக்கூடம் விட நேரமானால் பாலம் வரை போய் நிற்பார். அவள் படித்து முடித்து, பயிற்சி முடித்து டாக்டராக எத்தனை வருஷம் ஆகும் என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, "ஏய் இவளே, நல்லது பேசும்போது கணக்குப் போடாதே" என்று எரிந்து விழுந்தார்.

அவருக்கு இன்னொரு வீக்னஸ் உண்டு. காய்ந்த பெர்சிமன் பழம். டயாலிசிஸ் ஆளுக்குப் பழமே ஆகாது, அதிலும் அது விஷம். பழத்தில் இருக்கிற பொட்டாசியம் உடம்பிலிருந்து வெளியே போக வழியில்லாமல் இதயத்தை நிறுத்திவிடும் என்று பெக் டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். ஆனாலும் எங்காவது விசேஷத்துக்குப் போனால் திருடித் தின்பார். காம்பைக் குப்பையில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று சட்டைப் பையில் ஒளித்துக்கொள்வார். துணி துவைக்கிறவளும் நான்தான் என்பது அந்த மகானுக்குத் தோன்றாது.

தான்பி கடைசி வகுப்பில் இருந்த வசந்த காலத்தில்தான் அந்தத் திட்டம் வந்தது. டாக்டர் கிடைக்காத ஊர்களில், ஊர் மக்கள் ஒப்புக்கொண்டால், வெளிநாட்டில் படித்துத் தேறிய டாக்டரை வைத்துக்கொள்ளலாம். எங்கள் மருத்துவமனைக்கு ஒருவர் வரத் தயாராகவும் இருந்தார். மங்கோலியாக்காரி, பெயர் ஒயுன். சிறுநீரக டாக்டர். சியோலில் பல வருஷம் பயிற்சி எடுத்தவர். பெக் டாக்டருக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. எனக்கும்தான். அன்று ராத்திரி எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஊர்க் குழுத் தலைவர் கடைக்கு வந்தார். ஒரு பேனர் வேண்டும் என்றார். 'வெளிநாட்டு மருத்துவர் திட்டத்தை எதிர்க்கிறோம்' என்ற வாசகத்தோடு.

"எதுக்கு எதிர்க்கிறீங்க தலைவரே?" என்று கேட்டேன்.

"இப்ப அவங்களை உள்ள விட்டா, அப்புறம் நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்குத் தனி சீட்டுன்னு அரசாங்கத்துக்காரன் பிடுங்கிடுவான்மா. சீட் போச்சுன்னா சியோல் குடும்பமெல்லாம் மூட்டை கட்டிடும். பள்ளிக்கூடம் போச்சு, உங்க மாடி வாடகையும் போச்சு."

கொடுத்த வாசகத்தை அப்படியே அடித்துக் கொடுக்கும் பழக்கம் என் வீட்டுக்காரருக்குக் கிடையாது. அதில்தான் அவருக்குப் பெருமை. இதில் உயிர் இல்லையே தலைவரே என்று தலையைச் சாய்த்து யோசித்தார். மாடியில் தான்பி பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. இவர் முகம் மலர்ந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரே மூச்சில் அடித்தார்.

'நம் பிள்ளைகள் டாக்டராகி வருவார்கள். அந்நிய டாக்டர் வேண்டாம்!'

தலைவர் தொடையைத் தட்டினார். நான் கத்தினேன்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? வாரத்துல மூணு நாள் அந்தக் கட்டில்ல போய்ப் படுக்கிறது ஊரா, நீங்களா?"

"பெக் டாக்டர் இருக்காரே."

"அவர் கையைப் பாத்தீங்களா? தேநீர்க் கோப்பை பிடிக்கிற கையா அது?"

"தான்பி வர்ற வரைக்கும் தாங்கும். நீ ஏணியை எடு."

ஏணியை எடுத்தேன். கட்டினேன். ஊர் வேலை, கட்ட மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பாலத்தில் அந்த வாசகம் காற்றில் விம்மிக்கொண்டு நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று படித்துவிட்டு, தொக்பே வாசகம் என்றால் தொக்பே வாசகம்தான் என்றார்கள். இவர் பாலத்தடியில் சிகரெட் இல்லாமலே சிகரெட் பிடிக்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒயுன் டாக்டர் வந்திருந்தார். அகலமான முகம், கன்னம் சிவந்த, நாற்பது வயதுப் பெண்மணி. எங்கள் பாஷையை நன்றாகவே பேசினார், சில எழுத்துகள் மட்டும் தொண்டையில் தட்டி வந்தன.

"எங்க நாட்டுல வைத்தியம் பாக்கக் குதிரையில போயிருக்கேன். இங்க தார் ரோடு இருக்கு. நான் ஓடிப்போக மாட்டேன்."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். பிறகு ஆரம்பித்தது. பாஷை புரியாமல் ஊசியை மாற்றிப் போட்டால்? ரெண்டு வருஷத்தில் சியோலுக்கு ஓடிவிட்டால்? சியோலுக்கு ஓடுகிறவர்களைப் பெற்று வளர்ப்பதே எங்கள் தொழில், அதை யாரும் அங்கே சொல்லவில்லை. பெக் டாக்டர் எழுந்து, "எனக்கு அப்புறம் யாருய்யா?" என்று கேட்டார். உடனே என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"நான் டயாலிசிஸ் நோயாளி. எல்லாருக்கும் தெரியும். யாருக்காச்சும் டாக்டர் வேணும்னா அது எனக்குத்தான் மொதல்ல வேணும். ஆனா எங்க வீட்டு மாடியில ஒரு டாக்டர் வளந்துக்கிட்டு இருக்கா. நம்ம ஊர்ப் பிள்ளை. என்னைப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கா. அவளுக்கு நாமளே வழியை அடைக்கலாமா?"

"ஏங்க, உக்காருங்க!" என்று நான் கூச்சலிட்டேன். "உயிரை வச்சுக்கிட்டா விளையாடறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பேனர்க்கடை அக்கா புருஷனை மிரட்டுகிறாள் என்று அவர்களுக்கு ஒரே வேடிக்கை. கை தூக்கச் சொன்னார்கள். மற்ற டயாலிசிஸ் நோயாளிகள் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். படுக்கையில் கிடக்கிறவனே வேண்டாம் என்கிறான், நமக்கென்ன என்று மற்றவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். கைகள் எழுந்தன. வேண்டாம் என்று முடிந்தது. வேண்டும் என்று தூக்கிய சில கைகளில் ஒன்று என்னுடையது, இன்னொன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஒயுன் டாக்டர் நேரே எங்களிடம் வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் வீட்டுக்காரரிடம், கையைப் பார்க்கலாமா என்று கேட்டார். இவர் சட்டைக் கையைச் சுருட்டினார். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார், பிறகு குனிந்து காதை வைத்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்ல சத்தம். தெச்சவர் நல்லா தெச்சிருக்கார். பத்திரமா வச்சுக்குங்க. பழம் சாப்பிடாதீங்க."

வீடு வரும் வரை இவர் சுருட்டிய சட்டைக் கையை இறக்கவே இல்லை. பேசவேண்டியதை எல்லாம் பாலத்தில் எழுதிவிட்டார், இனி எந்த வாயால் மாற்றிச் சொல்வது? அந்த மாதமே கணவாய்க்கு அந்தப் பக்கத்து நகரம் ஒயுன் டாக்டரை வைத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டோம்.

நுழைவுத் தேர்வு நாளன்று தான்பியின் அப்பா வர முடியவில்லை. என் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்னாலேயே பள்ளி வாசலுக்குப் போய், பெற்றவர்கள் செய்வதுபோல, பிசுபிசுக்கும் அரிசி மிட்டாயைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தார். அப்போதுதான் சீட்டும் ஒட்டுமாம். ஒட்டியது. மாகாணத்துக்கான மெடிக்கல் சீட் தான்பிக்குக் கிடைத்தது. இவர் அன்று அச்சடித்த பேனர்தான் எங்கள் கடை இதுவரை செய்ததிலேயே நீளமானது.

'வாழ்த்துகிறோம்! நோசான் மகள் தான்பி மருத்துவக் கல்லூரிக்குத் தேர்வு!'

நான் ஏணியில் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது மீன்காரி யோங்ரியே கீழே வண்டியை நிறுத்தினாள். அவள் மகளும் டாக்டருக்குத்தான் எழுதியிருந்தாள். இங்கேயே பிறந்து, இங்கேயே மீன் கழுவி வளர்ந்த பெண். சீட் இல்லை.

"அக்கா, நோசான் மகள்னு போட்டிருக்கீங்களே, எந்த நோசான்? சியோல்ல ஏதும் இருக்கா?"

நான் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன். அவள் ஒரு நிமிஷம் அண்ணாந்து படித்துவிட்டு, "கயிறு அந்தப் பக்கம் தொங்குது, இழுத்துக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரியில் மாடி காலியானது. சாமான் லாரியில் ஏறியபின் தான்பி எங்களை வணங்க வந்தாள். பல் கம்பி போய் வளர்ந்த பெண்ணாக நின்றாள். இவர் ஆசையோடு கேட்டார்.

"கிட்னி படிக்க எந்த ஆஸ்பத்திரி நல்லதுன்னு விசாரிச்சியாம்மா?"

தான்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாதான் பதில் சொன்னாள்.

"ஸ்கின் டாக்டருக்குப் படிச்சா நல்லதுன்னு அவங்க அப்பா சொல்றாருங்க. வேலை நேரம், குடும்பம் எல்லாம் பாக்கணுமே. பொம்பளப் பிள்ளை."

"பெரியப்பா, நான்..." என்று தான்பி ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"ஸ்கின்னா சுருக்கமெல்லாம் எடுப்பியா?" என்று இவர் சிரித்தார். "அப்ப மொதல்ல உங்க பெரியம்மா மூஞ்சியப் பாரு. பத்து டாக்டருக்கு வேலை இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். லாரி போனது. அன்று இவர் பாலம் வரை நடந்து போய், தன் பேனருக்கு அடியில் நின்றுவிட்டு வந்தார். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. அவள் அம்மாமேல்கூட வரவில்லை. யார்மேல் வரவேண்டும் என்று தெரிந்தாலாவது கத்தித் தீர்த்திருப்பேன்.

பிப்ரவரியில் சந்திரப் புத்தாண்டுப் பண்டிகைக்கு சியோலிலிருந்து ஒரு பரிசுப் பெட்டி வந்தது. தங்கக் காகிதம் சுற்றிய பெட்டி. உள்ளே வரிசையாகக் காய்ந்த பெர்சிமன், ஒவ்வொன்றும் குழந்தைக் கை அளவு. ஆறு வருஷம் எங்கள் தலைக்கு மேலே குடியிருந்தவர்கள் அனுப்பிய பெட்டி. நான் மூடியைப் பட்டென்று சாத்தி, மறுநாளே யோங்ரியே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதே மாதக் கடைசியில் பெக் டாக்டர் ஒரு நோயாளிக்கு ஊசி குத்த முடியாமல் மூன்று முறை தடுமாறி, ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். மறுநாள் மருத்துவமனையிலிருந்து கடைக்குப் போன் வந்தது. 'டாக்டர் இல்லாததால் டயாலிசிஸ் பிரிவு மூடப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' என் வீட்டுக்காரர் அதை அடித்தார். முதல் தடவையாக, கொடுத்த வாசகத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அடித்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கணவாய்தான். காலையில் நான் வேனை எடுப்பேன், வளைந்து வளைந்து ஏறி இறங்கினால் அந்தப் பக்கத்து நகரம். அங்கே டயாலிசிஸ் பிரிவை நடத்துவது ஒயுன் டாக்டர். முதல் நாள் இவர் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டு, முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றி, திருடன் மாதிரி படுத்திருந்தார். டாக்டர் கட்டில் கட்டிலாக வந்தார். இவர் கையில் காதை வைத்தார். நிமிர்ந்தார்.

"இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கேன். நோசான் தானே?"

தொப்பி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

"வந்துட்டீங்கல்ல, நல்லது. தொப்பியைக் கழட்டிட்டுப் படுங்க, வேர்க்கும்."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மார்ச்சில் எங்கள் மலையில் பனி விழுவது புதிதல்ல. அந்தத் திங்கட்கிழமை நாங்கள் கிளம்பும்போது வானம் சாம்பலாக இருந்தது, அவ்வளவுதான். சனி ஞாயிறு மிஷின் இல்லாத நாட்கள், அதனால் திங்கட்கிழமை தவறவே கூடாது. பாதி மலை ஏறியபோது பஞ்சு பஞ்சாக விழ ஆரம்பித்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி குறுக்கே வழுக்கி நின்றிருந்தது. அதன் பின்னால் வரிசை, எங்களுக்குப் பின்னாலும் வரிசை. லாரியை ஒருவழியாக ஓரம் தள்ளியபோது எங்கள் வேன் சக்கரம் அசைய மறுத்தது. நின்ற இடத்திலேயே சுற்றியது.

நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். பாலத்திலிருந்து அவிழ்த்த பழைய பேனர்கள் கிடந்தன. சக்கரத்துக்கு அடியில் போடலாம் என்று மேலே இருந்ததை உருவினேன். இவர் ஜன்னலை இறக்கினார்.

"ஏய், அது வேண்டாம். அதுல பிள்ளை பேரு இருக்கு."

நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். தான்பி பேனரை உள்ளே போட்டுவிட்டு அதற்கடியில் இருந்ததை இழுத்தேன். விரித்தபோதுதான் தெரிந்தது எது என்று. 'அந்நிய டாக்டர் வேண்டாம்.' அவரும் பார்த்தார்.

"அதைப் போடு" என்றார்.

போட்டேன். வண்டியில் ஏறி மிதித்தேன். சக்கரம் துணியைச் சுருட்டி இழுத்துப் பின்னால் உமிழ்ந்துவிட்டு மறுபடியும் சும்மா சுற்றியது.

"இத்தனை வருஷம் தொழில் பண்றே, பேனர் துணி வழுக்கும்னு தெரியாதா?" என்றார் சிரித்துக்கொண்டே. சிரிப்பு சரியாக வரவில்லை. உதடு வெளுத்திருந்தது.

டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் போட்டேன். ஒயுன் டாக்டரே எடுத்தார்.

"கணவாய்ல மாட்டிக்கிட்டோம் டாக்டர். முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி."

"பயப்படாதீங்க. மிஷினை நான் நிறுத்த மாட்டேன், எத்தனை மணிக்கு வந்தாலும் சரி. தண்ணி குடுக்காதீங்க. சனி ஞாயிறு என்ன சாப்பிட்டார்?"

"சோறு, கொஞ்சம் முட்டை. நான் சமைச்சதுதான்."

சொல்லிக்கொண்டே அவர் கோட்டுப் பையில் கையை விட்டேன். குளிருக்கு வைத்திருந்த சூட்டுப் பொட்டலம் அங்கே இருக்கும் என்று தேடினேன். விரலில் கரகரப்பாக ஏதோ பட்டது. வெளியே எடுத்தேன். காய்ந்த காம்புகள். பூப்போல நாலு இதழ் விரித்த பெர்சிமன் காம்புகள், என் உள்ளங்கை நிறைய.

"அம்மா? இருக்கீங்களா?" என்றது போன்.

"டாக்டர், பெர்சிமன் தின்னிருக்கார்."

"எத்தனை?"

எண்ணிச் சொன்னேன். உடனே, நெஞ்சு படபடக்கிறதா, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இவர் தொடையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கால் என்னோடது இல்லாத மாதிரி இருக்கு."

"ஆம்புலன்ஸுக்கும் பனி அள்ளுற வண்டிக்கும் நான் பேசறேன். ஹெலிகாப்டர் இந்தப் பனியில வராது. அவரைத் தூங்க விடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க" என்றார். கடைசி எழுத்துகள் அவர் தொண்டையில் தட்டின.

போனை வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன் தின்னீங்க? ஏன்?"

"பிள்ளை அனுப்பினது. நீ மீன்காரிக்குக் குடுக்கறதுக்கு முன்னாலயே கொஞ்சம் ஒளிச்சு வச்சிருந்தேன், நேத்துத்தான் தின்னேன்."

"பிள்ளை அனுப்பலை. அவ அம்மா கடையில சொல்லி அனுப்பினது. உங்களுக்குப் பழம் ஆகாதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"மறந்திருப்பாங்க. பரிட்சை, கல்லூரின்னு எத்தனை வேலை அவங்களுக்கு."

கண் செருகியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கன்னத்தில் தட்டினேன். திட்டினேன். நான் திட்டுவது அவருக்குப் பழக்கமான தாலாட்டுதானே, அதில் இன்னும் தூக்கம் வந்தது. அப்புறம்தான் தோன்றியது.

"ஏங்க, ஒரு ஆர்டர் வந்திருக்கு. டாக்டர் தேவைன்னு பேனர். வாசகம் சொல்லுங்க."

கண் பாதி திறந்தது.

"டாக்டர் தேவை... அதுல உயிர் இல்லையே."

"அதான் கேக்கறேன். நல்லதா சொல்லுங்க."

யோசித்தார். நிஜமாகவே தலையைச் சாய்த்து யோசித்தார். கண்ணாடி முழுக்கப் பனி மூடி வண்டிக்குள் வெள்ளையாக இருட்டிவிட்டது. யாரோ வெளியே மண்வெட்டியால் சுரண்டுகிற சத்தம், ரொம்பத் தூரத்தில்.

"டாக்டர் தேவை" என்றார். "எந்த ஊரா இருந்தாலும்..."

"ம்?"

கண் மறுபடியும் மூடியது. அவர் கையை எடுத்து, சட்டையைச் சுருட்டி, காதை வைத்தேன். சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னைவிட மெதுவாக, இடையிடையே தடுக்கித் தடுக்கி ஓடியது. காதை எடுக்காமலே கேட்டேன்.

"எந்த ஊரா இருந்தாலும் என்னங்க? முழுசா சொல்லுங்க. நான் கட்டணும்ல. முழுசா சொல்லுங்க."